500 ரூபா இயர்போன்ல உருப்படியா பாட்டு கேக்கறது எப்படி, அதுவும் வேலூர் வெயில்ல

"ண்ணா, ஆயிரம் ரூபாய்க்குள்ள எந்த இயர்போன் வாங்கலாம்?" இதை கேக்காத ஆளே கிடையாது. தம்பி காலேஜ் சேர்ந்தா கேக்கறான், பெரியம்மா பையனுக்கு ராணிப்பேட்டைல வேலை கெடச்சா அவன் கேக்கறான், எல்லாருக்கும் ஒரு பிராண்டு பேரு வேணும், அதை டைப் பண்ணி ஆர்டர் போட்டுட்டா வேலை முடிஞ்சுது. பேரெல்லாம் அப்பால சொல்றேன், முதல்ல இப்ப கையில இருக்கற இயர்போனோட ரப்பரை பாருங்க. 400 ரூபா இயர்போனுக்கும் 1500 ரூபா இயர்போனுக்கும் இருக்கற வித்தியாசத்தை விட, காதுக்கு சரியான சைஸ் ரப்பர் போட்டதுக்கும் தப்பான சைஸ் போட்டதுக்கும் இருக்கற வித்தியாசம் பெருசு, இதை ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க, மாத்தி போட்டு காட்டினா தான் "அட ஆமாம்ல" ங்கறாங்க.

ரப்பர் தான் பாதி இயர்போன்

எதை வாங்கினாலும் பெரும்பாலும் டப்பால சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு ஜோடி சிலிக்கான் ரப்பர் வரும், இயர்டிப்னு சொல்வாங்க. நடு சைஸ் மாட்டியே வந்துடும், மத்த ரெண்டு ஜோடி ஒரு குட்டி பிளாஸ்டிக் கவர்ல கிடக்கும், நம்ம ஆளுங்க அந்த கவரை டப்பாவோட குப்பைல போட்டுட்டு "பேஸே இல்ல, ஏமாத்திட்டான்"னு ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டுகினு இருப்பாங்க. உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர், டிரைவர்னு சொல்வாங்க, இத்துனூண்டு தான், பெரும்பாலும் 10 எம்.எம். வட்டம், அது தள்ற காத்து ரொம்ப கொஞ்சம், அந்த கொஞ்சம் காத்து காது ஓட்டைக்குள்ள அடைபட்டு இருந்தா தான் பேஸ், அதாவது தொம்முனு விழற அடி சத்தம், கேக்கும். நூல் அளவு கேப் இருந்தாலும் முதல்ல ஓடிப்போறது பேஸ் தான், மிச்சம் நிக்கறது கீச்சுக்குரல் மட்டும். குக்கர்ல கேஸ்கெட் லூசா இருந்தா எவ்ளோ கேஸ் எரிச்சாலும் விசில் வராது இல்ல, அதே கதை, வால்யூமை ஏத்திகினே போனா காது தான் வலிக்கும், பேஸ் வராது.

அடைச்சிருக்கா இல்லையான்னு பாக்க ஒரு செலவும் இல்ல. ரெண்டு பக்கமும் மாட்டிகினு, பாட்டு எதுவும் போடாம, வாயை மூடிட்டு "ம்ம்ம்"னு ராகம் இழுங்க. உங்க குரல் தலைக்குள்ள கும்முனு கேட்டா நல்லா அடைச்சிருக்கு. ஒரு பக்கம் கும்முன்னும் இன்னொரு பக்கம் சாதாரணமாவும் கேட்டா அந்த பக்கம் ரப்பர் சைஸ் தப்பு. இல்லன்னா பேஸ் இருக்கற எதையாவது ஓட விட்டு இயர்போனை விரலால லேசா உள்ள அமுத்துங்க, அமுத்தும்போது பேஸ் கூடி, விட்டதும் கொறஞ்சா லீக் ஆவுதுன்னு அர்த்தம், ஒரு சைஸ் பெருசு போடுங்க. ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, எனக்கு லெஃப்ட்ல நடு சைஸ், ரைட்ல பெருசு, பாக்க கொஞ்சம் அசிங்கமா இருக்கும், யாரு கிட்ட வந்து பாக்கப்போறான்.

மாட்றதுலயும் ஒரு வழி இருக்கு. காது ஓட்டை நேரா இருக்காது, வளைஞ்சு போவும், அதனால சும்மா நேரா குத்தினா பாதில நிக்கும். ரைட் காதுல மாட்டணும்னா லெஃப்ட் கையை தலைக்கு மேல கொண்டு போயி ரைட் காதோட மேல் ஓரத்தை புடிச்சு மேலயும் பின்னாலயும் லேசா இழுங்க, ஓட்டை நேராவும், அப்ப இயர்போனை சின்னதா திருகிகினே உள்ள விடுங்க, கையை விட்டதும் காது தானா கவ்விக்கும். முதல்ல கொஞ்சம் கூத்தா இருக்கும், பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கறவர் ஒரு மாதிரி பாப்பாரு, பழகிடும். உள்ள விடும்போது "கிரிச்"னு ஒரு பிளாஸ்டிக் கவர் நொறுங்கற சத்தம் கேட்டா பயப்படாதீங்க, காத்து அழுத்தத்துல உள்ள இருக்கற மெல்லிசு தகடு மடங்கி விரியற சத்தம் அது, சில மாடல்ல அதிகமா வரும். ஆனா வேகமா அமுக்கி அமுக்கி மாட்டினா அந்த தகடு மடிப்பு விழுந்து ஒரு பக்கம் சத்தம் கொறஞ்சு போவ சான்ஸ் இருக்கு, மெதுவா மாட்டுங்க, கழட்டும்போதும் வெடுக்னு இழுக்காதீங்க.

ஸ்பாஞ்சு மாதிரி ஃபோம் ரப்பர் தனியா விக்குது, விரல்ல உருட்டி சன்னமாக்கி காதுல வெச்சு அரை நிமிஷம் புடிச்சுகினா உள்ளயே உப்பி அடைச்சுக்கும், வெளிச்சத்தம் நல்லா கொறையும், கீச்சுனு குத்தற இயர்போன் கூட கொஞ்சம் சாந்தமாவும். ஏ.சி. ரூம்ல உக்காந்து கேக்கறவங்களுக்கு சூப்பர். நம்ம ஊரு மே மாசத்துல வேணாம், வேர்வையை குடிச்சு குடிச்சு சீக்கிரம் நாறிடும், சிலிக்கான் தான் நமக்கு லாயக்கு, கழுவலாம், காய வெக்கலாம். தொலைஞ்சு போச்சுன்னா தனியா ஜோடி ஜோடியா ஆன்லைன்ல 100, 200 ரூபாய்க்கு ஒரு பாக்கெட்டே கெடைக்கும், ஆனா உங்க இயர்போன்ல ரப்பர் மாட்டற மூக்கு எத்தனை எம்.எம்.னு ஸ்கேல் வெச்சு பாத்துட்டு வாங்குங்க, லூசா போச்சுன்னா ரப்பர் காதுக்குள்ளயே மாட்டிக்கும், அப்பறம் அதை எடுக்க ஈ.என்.டி. டாக்டர் தான்.

எதை போட்டு டெஸ்ட் பண்றது

கடைக்காரங்க எல்லாம் பேஸ் தூக்கலா இருக்கற குத்துப்பாட்டா போட்டு காட்டுவாங்க, அதுல எல்லா இயர்போனும் நல்லா தான் இருக்கும். நான் போடறது கூத்து. நம்ம வட ஆற்காட்டு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல அக்னி வசந்த விழா நடக்கும்போது ராத்திரி பூரா ஆடற கூத்தை இப்ப நெறைய பேரு வீடியோ எடுத்து யூடியூப்ல ஏத்தறாங்க, அதுல கொஞ்சம் சுத்தமா பதிவானதா ஒண்ணை புடிச்சு வெச்சுக்குங்க. ஒரே நேரத்துல முகவீணைங்கற குட்டி நாயனம் மேல போவுது, மிருதங்கம் கீழ அடிக்குது, நடுவுல ஆர்மோனியம், ஓரத்துல தாளம், அதுக்கு மேல பின்பாட்டு. மிருதங்கத்துல தொப்பின்னு சொல்ற இடது பக்கம் அடிக்கும்போது "தொம்"னு அடி வயித்துல விழணும், "டப்"னு அட்டைப்பொட்டி தட்டற மாதிரி கேட்டா ரப்பர் லீக், இல்ல இயர்போன் சுமார். முகவீணை உச்சத்துக்கு போவும்போது காதுல ஊசி குத்தற மாதிரி இருந்தா அந்த இயர்போன்ல மேல் சத்தம் ஓவரா தூக்கி வெச்சிருக்காங்க, அரை மணி நேரத்துல தலை வலிக்கும். கூத்துல சிரிக்க வெக்கற கட்டியக்காரன் வேக வேகமா பேசற எடத்துல ஒவ்வொரு வார்த்தையும் பிரிஞ்சு புரியுதான்னு பாருங்க, புரிஞ்சா ஆன்லைன் கிளாசுக்கும் கால் பேசறதுக்கும் அது தாங்கும். விலை கம்மியான இயர்போன்ல முக்கால்வாசி இந்த மூணுல ஒண்ணுல மாட்டிக்கும். எதுல மாட்டிகினா உங்களுக்கு பரவால்லன்னு நீங்க தான் முடிவு பண்ணணும், எனக்கு பேஸ் கொஞ்சம் கம்மியா இருந்தா ஓகே, ஊசி மட்டும் ஆவாது.

சும்மா சின்ன குறைன்னா, அடி சத்தம் மேல் சத்தத்தை தனித்தனியா ஏத்தி எறக்கற ஈக்வலைசர்லயே சரி பண்ணிடலாம். போன் செட்டிங்ஸ்ல சவுண்டுக்குள்ள போனா இருக்கும், ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஒரு ஆப் இருக்கு, அதுல இயர்போன் மாடல் பேரை தேடினா நெறைய மாடலுக்கு அதுக்குன்னே ரெடியா செட்டிங் இருக்கும். பேஸ் வேணும்னு பேஸ் கம்பியை உச்சத்துக்கு தூக்காதீங்க, கரகரன்னு உடையும், மத்ததை கொஞ்சம் கொஞ்சம் எறக்கி வால்யூமை ஏத்திக்கறது தான் முறை.

எங்க, எவ்ளோவுக்கு

வேலூர்ல காந்தி ரோடு, லாங் பஜார், புது பஸ் ஸ்டாண்டு சுத்தி எங்க பாத்தாலும் மொபைல் ஆக்சசரீஸ் கடை தான். கடைல வாங்கறதுல ஒரு நல்லது, அங்கயே சொருகி பாத்துடலாம். போட்டு பாக்க கேட்டா என்ன நடக்கும்னு தெரிஞ்சது தானே:

"ண்ணா, ஒரு வாட்டி காதுல வெச்சு பாக்கட்டா?"

"காதுல வெக்கறதை எப்பிடிப்பா தர்றது, பிரிச்சா நீ தான் எடுத்துக்கணும்."

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, எவன் காதுல வெச்சதையோ நமக்கு குடுத்தா நம்ம வாங்குவோமா. காசு குடுத்து பிரிச்ச உடனே கடை வாசல்லயே நின்னு, லெஃப்ட் ரைட் ரெண்டும் சமமா வருதா, ஜாக் கிட்ட வயரை மெதுவா வளைச்சா சத்தம் விட்டு விட்டு வருதா, மைக் பட்டன் வேலை செய்யுதா, ஒரு கால் போட்டு பேசினா எதிர்ல இருக்கறவங்களுக்கு கேக்குதான்னு பாத்துட்டு தான் நகரணும். பில் கேட்டு வாங்குங்க, பில் இல்லாம வாரண்டி கேட்டா எவனும் மதிக்க மாட்டான்.

டப்பால எம்.ஆர்.பி., தயாரிச்சவங்க இல்ல இறக்குமதி பண்ணவங்க பேரு அட்ரஸ், மாசம் வருஷம், கஸ்டமர் கேர் நம்பர் இதெல்லாம் அச்சடிச்சிருக்கணும், சட்டப்படியே இருக்கணும். ரோட்டோரம் 100 ரூபாய்க்கு பெரிய கம்பெனி பேரு போட்டு விக்கறதுல இதுல பாதி இருக்காது, இருந்தா ஸ்பெல்லிங் தப்பா இருக்கும். அவசரத்துக்கு, ட்ரெயின் கெளம்பப்போவுது, இயர்போனை வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன்னா 100 ரூபாய்க்கு அதையும் வாங்கலாம், தப்பில்ல, ஆனா அந்த கம்பெனி இயர்போன்னு நெனச்சு வாங்காதீங்க.

இப்ப பேரு. 400லேர்ந்து 700 ரூபாய்க்குள்ள போட் பேஸ்ஹெட்ஸ் 100, ரியல்மி பட்ஸ் 2, ஜே.பி.எல். சி100எஸ்.ஐ. இந்த மாதிரி மைக்கோட வர்ற வயர் இயர்போன் எல்லாமே கால் பேசவும் பாட்டு கேக்கவும் போதும், இதுல எதை வாங்கினாலும் தலையெழுத்து மாறப்போறதில்ல. ஆயிரத்தை தாண்டி 2000 வரைக்கும் போவ முடியும்னா கேஇசட், மூன்டிராப் மாதிரி சீனா கம்பெனிங்க பக்கம் பாருங்க, அங்க தான் நெஜமாவே காசுக்கு சத்தம் கெடைக்குது. மூன்டிராப் சூ 2, கேஇசட் இடிஎக்ஸ் வகையறா எல்லாம் ஆன்லைன்ல தான், நம்ம ஊரு கடைல கேட்டா "அது இன்னாது"ன்னு பாப்பாங்க. இதுங்கள்ல பெரிய லாபம் வயர் கழட்டி மாட்டலாம், ரெண்டு குட்டி பின் இருக்கும், சூ 2ல 0.78 எம்.எம்., இடிஎக்ஸ்ல 0.75 எம்.எம்., வயர் போச்சுன்னா வயர் மட்டும் வாங்கினா போதும், இயர்போன் வருஷக்கணக்குல ஓடும். வயரை காதுக்கு மேல சுத்தி போடற டிசைன், அதனால நடக்கும்போது சட்டைல வயர் உரசற "டொக் டொக்" சத்தமும் கம்மி. வாங்கும்போது மைக் இருக்கற மாடலா இல்லாததான்னு ரெண்டு வாட்டி பாருங்க, ரெண்டும் ஒரே போட்டோ தான் போட்டிருப்பான்.

பெட்டி மேல எழுதற நம்பரை எல்லாம் ரொம்ப மண்டைல ஏத்திக்க வேணாம். மின் தடை 16 ஓம், 32 ஓம் எதுவா இருந்தாலும் போன்ல ஓடும். "14 எம்.எம். பெரிய டிரைவர்"ங்கறதுக்காக நல்ல சத்தம்னு ஒண்ணும் இல்ல.

ஜாக் இல்லாத போனா

2016ல ஐபோன் 7ல ஜாக் ஓட்டையை எடுத்தாங்க, அன்னிலேர்ந்து ஒவ்வொரு கம்பெனியா எடுத்துகினே வர்றாங்க. டைப்-சி டு 3.5 எம்.எம். கன்வெர்ட்டர்னு கடைல கேட்டா 100, 150 ரூபாய்க்கு ஒண்ணு எடுத்து குடுப்பாங்க, அது சில போன்ல வேலை செய்யும் சில போன்ல செய்யாது. காரணம் என்னன்னா சில போனு டைப்-சி வழியாவே நேரா சவுண்டை அனுப்பும், அதுக்கு வெறும் வயர் போதும். நெறைய போனு, முக்கியமா சாம்சங் பெரிய மாடல், பிக்சல் எல்லாம், டிஜிட்டலா தான் அனுப்பும், அதை சவுண்டா மாத்த கன்வெர்ட்டர் உள்ள டாக்னு ஒரு சிப் இருக்கணும். கடைல "டாக் சிப் இருக்கறது குடுங்க"ன்னு கேளுங்க, இருக்கறது தான் பெரும்பாலும் எல்லா டைப்-சி போன்லயும் ஓடும், விலை கூட தான். ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் வெச்சிருக்கறவங்க கன்வெர்ட்டர் சொருகியும் சத்தம் வரலன்னா கடைக்காரர் கிட்ட சண்டைக்கு போவறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல ஓடிஜின்னு, அதாவது சார்ஜ் ஓட்டைல வெளி சாமான் சொருகி ஓட்டற வசதியை, தேடி ஆன் பண்ணி பாருங்க, அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானா ஆஃப் ஆயிடற வகை.

இன்னொரு விஷயம், ஜாக் சொருகினதும் மியூசிக் வருது, பாடறவங்க குரல் மட்டும் காணோம், எங்கயோ தூரத்துல எதிரொலி மாதிரி கேக்குதுன்னா இயர்போன் போச்சுன்னு நெனைக்காதீங்க. ஜாக் முழுசா உள்ள போவல, பேக் கவர் தடுக்குது. கிரவுண்டு கனெக்ஷன் விட்டுப்போனா ரெண்டு பக்கத்துலயும் சமமா இருக்கற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், பாடறவங்க குரலை நடுவுல தான் வெப்பாங்க, அதனால அது தான் முதல்ல காணாம போவும். கவரை கழட்டிட்டு அமுத்தி சொருகுங்க. ஓட்டைக்குள்ள பாக்கெட் தூசி பஞ்சு மாதிரி அடைஞ்சிருந்தாலும் இதே தான், போனை ஆஃப் பண்ணிட்டு மர டூத்பிக்கால மெதுவா வழிச்சு எடுங்க.

வயர் இல்லாதது

பட்ஸ் நான் வேணாம்னு சொல்லல, பைக்ல வர்றவங்க இறங்கி நடக்கும்போது, ஜிம்ல, சமையல் பண்ணும்போது அது தான் வசதி. ஆனா 1500 ரூபாய்க்குள்ள பட்ஸ்னா காசுல பாதி பேட்டரிக்கும் புளூடூத்துக்கும் போயிடுது, சத்தத்துக்கு மிச்சம் கம்மி. உள்ள இருக்கற குட்டி பேட்டரியை மாத்தவே முடியாது, அது தேஞ்சா மொத்தமா தூக்கிப் போடணும். லித்தியம் பேட்டரிக்கு வெயில் தான் எமன், காட்பாடி ஸ்டேஷன் பார்க்கிங்ல காலைல ஸ்கூட்டர் டிக்கில பட்ஸ் கேஸை வெச்சு பூட்டிட்டு சாயங்காலம் வந்து எடுக்கறவங்க எல்லாம் அதை அவிச்சு எடுக்கறாங்க, கூடவே எடுத்துகினு போங்க. சூடா இருக்கும்போது சார்ஜும் போடாதீங்க. கேம் ஆடறவங்களுக்கு சுடற சத்தம் லேட்டா வரும், கேம் மோடுன்னு ஒண்ணு இருந்தா ஆன் பண்ணுங்க, கொறையும், முழுசா போவாது. ஏறிகினு எறங்கிகினு இருக்கற கூட்டத்துல ஒரு பட்ஸ் கழண்டு பிளாட்ஃபாரத்துக்கும் ட்ரெயினுக்கும் நடுவுல விழுந்தா அவ்ளோ தான், வயர்னா கழுத்துலயே தொங்கும். இன்டர்வியூ, ஆன்லைன் கிளாஸ் இதுக்கெல்லாம் வயர் இயர்போன் மைக் வாய் கிட்டயே இருக்கறதால குரல் நல்லாவும் போவும்.

பஸ்ல, ட்ரெயின்ல வால்யூம்

சீசன் டிக்கெட்ல தெனம் ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போயி வர்ற ஆளுங்க எத்தனையோ பேரு, காதுல இயர்போன் இல்லாதவங்களை எண்ணிடலாம். பிரச்சனை ஏசி இல்லாத பெட்டில தான், ஜன்னல் தெறந்திருக்கும், சத்தத்தை ஜெயிக்க வால்யூமை ஏத்துவோம், அரக்கோணம் வர்றதுக்குள்ள முழுசுக்கு போயிடும், அப்பறம் ஸ்டேஷன்ல நிக்கும்போது அமைதியான எடத்துலயும் அதே வால்யூம் தான் ஓடிகினு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, சத்தத்தோட அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் பெரியவங்க கேக்கலாம், சின்ன பசங்களுக்கு 75. இதுல 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாவும், 90க்கு போனா வாரத்துக்கே 4 மணி நேரம் தான். போயி வர்ற ஒரு நாள் பயணத்துலயே அது தீந்துடும்.

நெறைய போன்ல டெசிபல் தெரியாது, அதனால இப்பிடி வெச்சுக்குங்க: வீட்ல அமைதியா இருக்கற ரூம்ல நல்லா கேக்கற வால்யூம் எவ்ளோன்னு பாத்துட்டு, பஸ்ல அதுக்கு மேல ரெண்டு மூணு கட்டைக்கு மேல ஏத்த வேண்டி வந்தா ரப்பர் அடைக்கல. திரும்ப ரப்பர் கிட்டயே தான் வர்றோம். நல்லா அடைச்சா பேச்சு சத்தம், ஹாரன் எல்லாம் கணிசமா கொறையும், எஞ்சின் உறுமல் மட்டும் கொஞ்சம் உள்ள வரும், அந்த உறுமலை எதிர் சத்தம் விட்டு அடக்க தான் ஏ.என்.சி.ங்கற வசதி. கேட்டு முடிச்சு கழட்டினதும் காதுல "கொய்ங்"னு ரீங்காரம் வந்தா அன்னிக்கு ஓவரா போயிட்டீங்க, மறுநாள் காதுக்கு லீவு விடுங்க, ரீங்காரம் போவாம நின்னுகினே இருந்தா டாக்டர் கிட்ட போங்க, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக வெளியூர்லேர்ந்து ஜனங்க வர்ற ஊருல இருக்கோம், நமக்கென்ன சோம்பேறித்தனம்.

பைக் ஓட்டும்போது வேணாம், அதுவும் நம்ம வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசல்ல. பிளாட்ஃபாரம் மாற தண்டவாளத்துல இறங்கற பழக்கம் இருந்தா அதையும் இயர்போனோட பண்ணாதீங்க, இயர்போன் இல்லாமயும் பண்ணாதீங்க, 1989 ரயில்வே சட்டம் 147வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், 1000 ரூபா வரைக்கும் அபராதம் இருக்கு, அதை விட உயிர் பெருசு.

வேர்வை, அழுக்கு

ஒரு பக்கம் சத்தம் கொறஞ்சுடுச்சுன்னு தூக்கிப் போடறதுல பாதி இயர்போன் நல்லா இருக்கற இயர்போன் தான். முதல்ல இதை பண்ணுங்க, லெஃப்ட்டை ரைட் காதுலயும் ரைட்டை லெஃப்ட் காதுலயும் மாத்தி போடுங்க. கம்மி சத்தம் இயர்போனோட கூடவே அடுத்த காதுக்கு போனா கோளாறு இயர்போன்ல. அதே காதுலயே கம்மியா கேட்டா, மன்னிச்சுக்குங்க, பெரும்பாலும் உங்க காதுல தான் அழுக்கு.

இயர்போன் அழுக்குன்னா ரப்பரை கழட்டி சோப்பு தண்ணில கழுவி நல்லா காய வைங்க. மூக்குல இருக்கற சன்ன வலையை கீழ பாத்த மாதிரி புடிச்சுகினு, காஞ்ச மெத்து டூத்பிரஷ்ஷால மெதுவா தட்டி தட்டி தேய்ங்க, கீழ பாத்து புடிச்சா தான் அழுக்கு வெளிய விழும், மேல பாத்து தேய்ச்சா உள்ள போயிடும். ஊசி, சேஃப்டி பின் வலை கிட்டயே போவக்கூடாது, வாயால ஊதவும் வேணாம், எச்சி ஈரம் உள்ள போவும். காது அழுக்குன்னா தயவு செஞ்சு எதையும் விட்டு நோண்டாதீங்க, நோண்டினா அழுக்கு இன்னும் உள்ள போயி அடையும், குடியாத்தத்துல தீக்குச்சி பண்றது அடுப்பு பத்த வெக்க தான்.

கத்திரி வெயில்ல சித்த நேரம் நடந்தாலே காது நனைஞ்சுடும், ஈரத்தோட சுருட்டி பையில போட்டா வலை துரு புடிக்கும், காதுலயும் ஈரம் நின்னா அரிப்பு, பூஞ்சை வரும். கழட்டினதும் துணில தொடச்சு, ஒரு சின்ன டப்பால ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு வைங்க. சிலிக்கா ஜெல்லை காசு குடுத்து வாங்காதீங்க, புது ஷூ டப்பால வர்றது போதும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனில வேலை செய்யற சொந்தக்காரங்க இருந்தா கேக்கவே வேணாம். வீட்ல கொழந்தை இருந்தா டப்பாவை எட்டாத எடத்துல வைங்க. ஒருத்தர் இயர்போனை இன்னொருத்தர் போடாதீங்க, ரொம்ப கேட்டா ரப்பரை மாத்தி குடுங்க.

வயர் போனா

வயர் இயர்போன் சாவறது முக்கால்வாசி ஜாக் கிட்ட தான், பேண்ட் பாக்கெட்ல போனோட வளைஞ்சு வளைஞ்சு உள்ள செம்பு இழை அறுந்துடும். எல் மாதிரி வளைஞ்ச ஜாக் இருந்தா கொஞ்சம் தாங்கும். வாங்கின அன்னிக்கே ஜாக் சேர்ற எடத்துல பழைய பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை சுத்தி விடுங்க, இல்லன்னா எலக்ட்ரிக்கல் கடைல ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஒரு துண்டு வாங்கி ஏத்தி லைட்டர்ல சூடு காட்டினா இறுக்கி புடிச்சுக்கும், ரெண்டுமே வயர் மடங்கறதை தடுக்கும். போனை சுத்தி வயரை இறுக்கமா சுத்தாதீங்க, கையில லூசா வளையமா சுத்தி வைங்க.

அறுந்தா எங்க அறுந்துதுன்னு கண்டுபுடிங்க, பாட்டை ஓட விட்டு ஜாக் கிட்ட, மைக் கிட்ட, ரெண்டா பிரியற எடத்துலன்னு ஒவ்வொரு எடமா வளைச்சு பாத்தா ஒரு எடத்துல சத்தம் வந்து வந்து போவும். ஜாக் கிட்டன்னா மொபைல் சர்வீஸ் கடைல புது ஜாக் போட்டு தருவாங்க, 400 ரூபா இயர்போனுக்கு 200 கேட்டா வந்துடுங்க. சால்டரிங் அயர்ன் இருந்தா நீங்களே பண்ணலாம். நாலு பட்டை மைக் ஜாக் வாங்குங்க, அறுந்த எடத்துக்கு ரெண்டு இஞ்ச் மேல வெட்டுங்க, முதல்ல ஜாக் மூடியை வயர்ல கோத்துட்டு அப்பறம் சால்டர் பண்ணுங்க, இதை மறந்துட்டு எல்லாம் ஒட்டி முடிச்சப்பறம் மூடியை கையில வெச்சுகினு முழிக்காதவங்க கம்மி. உள்ள இழைங்க மேல கலர் வார்னிஷ் இருக்கும், அது மேல ஈயம் ஒட்டாது, அயர்ன் முனைல ஈயத்தை உருக்கி அதுல வயர் நுனியை முக்கி எடுத்தா வார்னிஷ் எரிஞ்சு வெள்ளியா ஒட்டும். இப்ப வர்ற போனுக்கு நுனி லெஃப்ட், அடுத்த பட்டை ரைட், மூணாவது கிரவுண்டு, அடி பட்டை மைக். கலர் பெரும்பாலும் ரைட்டுக்கு சிவப்பு, லெஃப்ட்டுக்கு பச்சை இல்ல நீலம், செம்பு கலர் கிரவுண்டு, ஆனா கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒட்டறதுக்கு முன்னாடி மல்ட்டிமீட்டர்ல ஒரு வாட்டி பாத்துடுங்க.

டிரைவரே போயி ஒரு பக்கம் நிரந்தரமா செத்துப்போச்சுன்னா கூட உடனே தூக்கிப் போட வேணாம். போன் செட்டிங்ஸ்ல ஆக்சசிபிலிட்டிக்குள்ள மோனோ ஆடியோன்னு இருக்கும், அதை ஆன் பண்ணா லெஃப்ட் ரைட் ரெண்டு பக்க சத்தமும் உயிரோட இருக்கற ஒரே பக்கத்துல சேர்ந்து வரும், பாட்டுக்கு ஆவாது, நியூஸ் கேக்க, கால் பேச தாராளமா ஆவும். எங்க வீட்ல அப்பிடி ஒண்ணுல அம்மா தெனம் சீரியல் பாக்கறாங்க, இன்னொரு காது அடுப்புல பால் பொங்குதான்னு கேக்க வேணுமாம்.